சைலன்சருக்கு இரண்டு சனிக்கிழமை

மார்ச் மாதத்தில் ஒரு நாள் காலை ஆறரை மணிக்குக் காரைக் கிளப்பியதும், பக்கத்தில் ஏதோ பழைய லாரி நிற்கிறது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். லாரி எதுவும் இல்லை. சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் புளோக்கை ஒட்டிய பலமாடி வாகன நிறுத்துமிடத்தின் நான்காம் தளம் அது. மேலும் கீழும் கான்கிரீட். சின்னச் சத்தத்தைக்கூட வாங்கிப் பெருக்கித் திருப்பித் தரும் இடம். இரண்டு வண்டி தள்ளிப் பிள்ளையைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் கையிலிருந்த பள்ளிப் பையை மறந்துவிட்டு என் காரின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சைலன்சர் போய்விட்டது.

வண்டி 2013இல் பதிவான 1.6 லிட்டர் ஜப்பானிய செடான். பத்து ஆண்டு முடிந்ததும், இங்கே கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழை ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்தேன். ஐந்தாண்டுப் புதுப்பிப்புக்கு மறு புதுப்பிப்பு கிடையாது. 2028இல் வண்டி பதிவிலிருந்து போயே ஆக வேண்டும். சாகும் ஆண்டு முன்கூட்டியே தெரிந்த வண்டி என்பதால், அதற்குச் செய்யும் எந்தச் செலவையும் மீதமுள்ள மாதங்களால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. பத்து ஆண்டைத் தாண்டிய கார்களை ஆண்டுதோறும் சோதனைக்கும் கொண்டுபோக வேண்டும். என் தவணை மே மாதம். இந்த உறுமலோடு அங்கே போய் நிற்க முடியாது.

விலை கேட்ட ஒரு பட்டறையில், வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்காமல், நடுக்குழாயிலிருந்து பின்முனை வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், 780 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகும் என்றார்கள். என் மச்சான் வழக்கம்போல, "மலேசியாவுக்கு, ஜொகூருக்குப் போனால் பாதி விலைதானே" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இல்லாமல் சிங்கப்பூர் வண்டி எல்லையைத் தாண்ட முடியாது. அதற்கே ஒரு செலவு. அதைவிடப் பெரிய தயக்கம் எனக்கு வேறு ஒன்றில் இருந்தது. புகை வழியில் ஓட்டை விழுந்த காரில் சனிக்கிழமை எல்லைப் பாலத்து வரிசையில் ஊர்ந்துகொண்டிருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ஓடும்போது காற்று இழுத்துக்கொண்டு போய்விடும். நின்றுகொண்டிருக்கும்போது பின்பக்கத்து இடுக்கு வழியாக உள்ளே வரலாம். தலைவலி வந்தபிறகு யோசிப்பதில் பயன் இல்லை.

முதலில் குறுக்கு வழியைத்தான் முயன்றேன். சைலன்சர் ஓட்டையை அடைக்கும் பசையும், அதன்மேல் சுற்றும் துணிப்பட்டையும் சேர்த்து 19 வெள்ளிக்குக் கிடைத்தன. சூட்டில் இறுகிக் கல்லாகிவிடும் என்று டப்பாவில் போட்டிருந்தது. பசை உண்மையிலேயே கல்லானது. அது பிடித்துக்கொண்டிருந்த தகடுதான் கல்லாகவில்லை. ஒன்பதாம் நாள், துணிப்பட்டையும் பசையும் துருப்பிடித்த தகட்டின் ஒரு துண்டைக் கையோடு எடுத்துக்கொண்டு விரைவுச்சாலையில் எங்கோ விழுந்துவிட்டன. ஓட்டை முன்பைவிடப் பெரிதாகிவிட்டது. சுற்றியுள்ள தகடு கெட்டியாக இருந்து, நடுவில் ஒரே ஓர் ஓட்டை என்றால் பசை தாங்கும். உள்ளிருந்து அரித்துக்கொண்டு வந்த ஓட்டைக்கு அது ஒத்தடம் மாதிரிதான்.

உள்ளிருந்து என்று ஏன் சொல்கிறேன்? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. கேட்டால் நம்ப முடியாது, ஆனால் வேதியியல் கணக்கு அதுதான். பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகப் புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. குழாயெல்லாம் நன்றாகச் சூடாகிவிட்டால் ஆவி ஆவியாகவே போய்விடும். ஆனால் எஞ்சினிலிருந்து மிகத் தொலைவில் இருப்பது பின் சைலன்சர். கடைசியாகச் சூடாவதும் அதுதான். எனக்கு வேலை செனோக்கோவில். ஈசூனிலிருந்து பன்னிரண்டு நிமிடம். தண்ணீர் உள்ளே தேங்கும் அளவுக்கு வண்டி ஓடுகிறது, அதைக் காய வைக்கும் அளவுக்கு ஓடுவதில்லை. அதுவும் வெறும் தண்ணீர் இல்லை. புகையிலிருக்கும் வாயுக்கள் கரைந்த, லேசாக அமிலம் ஏறிய தண்ணீர். இப்படிப் பதின்மூன்று ஆண்டாக நாள்தோறும் இரண்டு வேளை. தகடு இவ்வளவு நாள் நின்றதே பெரிது.

பழுதுபார்க்கும் காணொளிகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எடுத்தவை. பனி உருகுவதற்காக அங்கே சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பு தின்ற போல்ட்டுகளை நெருப்பு வைத்தும் அறுத்தும் எடுப்பதைப் பார்த்துவிட்டு, நம்மால் ஆகாது என்று முதலில் பயந்தேன். நம் ஊர் வண்டியின் அடிப்பக்கம் அவ்வளவு மோசமாக இருப்பதில்லை. வெளியே பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். நம்முடையது உள்நோய்.

நானே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். இடம்தான் முதல் சிக்கல். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வாகன நிறுத்துமிடத்தில் வண்டியைப் பிரித்துப் போட்டுப் பழுதுபார்க்க அனுமதி இல்லை. அனுமதி இருந்தாலும், அண்டை வீட்டார் முன்னால் மல்லாந்து படுக்க எனக்கு மனம் வந்திருக்காது. சிலேத்தார் ஹில்ஸில் அண்ணனுக்கு வரிசை வீடு இருக்கிறது. முகப்பில் கூரை போட்ட கார் நிறுத்துமிடம், பளபளக்கும் ஓடு பதித்த தரை. அந்தத் தரை அண்ணியின் ஆட்சிக்கு உட்பட்டது. போன ஆண்டு அண்ணன் எஞ்சின் எண்ணெய் மாற்றியபோது விழுந்த கறை இன்னும் போகவில்லை, அதைப் பற்றிய பேச்சும் போகவில்லை. நான் கேட்டபோது அண்ணி மறுக்கவில்லை. குளிர்பதனப் பெட்டி வந்த அட்டையையும் இன்னும் நான்கைந்து பெரிய அட்டைப் பெட்டிகளையும் பிரித்து, சுவரிலிருந்து வாசல்வரை விரித்து, ஓரங்களில் ஒட்டுநாடாவும் ஒட்டி வைத்திருந்தார்.

அண்ணன் மகள் கயல் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் வாகனத் தொழில்நுட்பம் படிக்கிறாள். எனக்குக் கருவி எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் கிடைத்தாள் என்று எண்ணிக்கொண்டு போனேன். அன்று சாயங்காலத்துக்குள் கருவி எடுத்துக் கொடுக்கும் ஆள் யார் என்பது தெளிவாகிவிட்டது.

முதலில், மாற்ற வேண்டியது எது என்று உறுதி செய்துகொண்டோம். வண்டி முழுக்க ஆறியிருக்கும்போது கிளப்பி, தடித்த ஈரத்துணியைக் கையுறைக் கையால் வெளிக்குழாயின் வாயில் சில நொடிகள் அழுத்திப் பிடித்தேன். வழக்கமான வழி அடைபட்டதும், புகை வேறு எங்கெல்லாம் வழி வைத்திருக்கிறதோ அங்கெல்லாம் "உஸ்" என்று சீறியது. கயல் டார்ச்சுடன் குனிந்து கேட்டாள். சீற்றம் சைலன்சரின் அடிமடிப்பிலிருந்து வந்தது. நடுக்குழாயில் எதுவும் இல்லை. எஞ்சினை அணைத்துவிட்டு அவள் திருப்புளியால் மடிப்பு ஓரத்தைத் தட்டினாள். டங் டங் என்று வந்துகொண்டிருந்த சத்தம் ஓர் இடத்தில் "பொத்" என்று மாறியது. அங்கே லேசாகக் குத்தினாள், அப்பளம் உடைவதுபோல் தகடு உள்ளே போய்விட்டது. நடுக்குழாயை அதேபோல் நீளத்துக்கும் தட்டிப் பார்த்தோம். வெண்கல மணி. 780 வெள்ளியில் பாதி அங்கேயே மிச்சமாயிற்று.

வாங்க வேண்டியவை: பின் சைலன்சர், அதற்கும் நடுக்குழாய்க்கும் இடையில் உட்கார்ந்து கசிவை அடைக்கும் வளைய கேஸ்கெட், சுருள்வில்லோடு கூடிய இரண்டு போல்ட்டு, சைலன்சரை வண்டியின் அடியில் தொங்கவிடும் மூன்று தொங்கு ரப்பர். ஊபியில் உதிரிபாகக் கடை ஒன்றில் வண்டியின் அடிச்சட்ட எண்ணைச் சொல்லிக் கேட்டேன். அசல் நிறுவனத்து சைலன்சர் 410 வெள்ளி. அதே வடிவத்தில் வேறு நிறுவனம் செய்தது 165. எப்படியும் 2028 வரைதான் ஓட வேண்டும் என்பதால் இரண்டாவதை எடுத்தேன். கடைக்காரர் பக்கத்தில் தொங்கிய, வாய் அகன்ற, பளபளக்கும் ஒன்றைக் காட்டி, "இது நல்ல சத்தம் கொடுக்கும்" என்றார். சத்தம் வேண்டாம் என்றுதானே வந்திருக்கிறேன்! விளையாட்டை விட்டுப் பார்த்தாலும், சத்தத்தைக் கூட்டும் மாற்று சைலன்சர்கள் விஷயத்தில் நிலப் போக்குவரத்து ஆணையம் கண்டிப்பாக இருக்கிறது. சாலையோரச் சோதனையில் பிடித்தால் அபராதம், வழக்கு என்று போகும். அசலின் அதே வடிவம், அதே அளவு என்றால் அந்த வம்பே இல்லை.

ரப்பரும் போல்ட்டும் சேர்த்து 38 வெள்ளி. கேஸ்கெட் 12. சூடு தாங்கும் செப்புப் பசை ஒரு குழாய், துரு இளக்கும் எண்ணெய் ஒரு டப்பா இரண்டையும் முஸ்தபா பேரங்காடியில் வாங்கிக்கொண்டேன். அங்கே நள்ளிரவுக்குச் சற்று முன்னால் போனால் கூட்டம் குறைவு, வண்டிச் சாமான் பகுதியில் நின்று நிதானமாகப் படித்துப் பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமை இரவே காரை அண்ணன் வீட்டில் விட்டு, இரண்டு போல்ட்டிலும் எண்ணெயைப் பீய்ச்சிவிட்டு வந்தேன். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு இன்னொரு முறை. எண்ணெய் மரைக்குள் ஊறுவதற்கு நேரம் கொடுப்பதுதான் வேலையில் பாதி. கை வலிக்கத் திருகுவது மீதிப் பாதியில் ஒரு சின்னப் பங்குதான்.

அடுத்து, தூக்குவது. ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு இறங்கி, ஜாக்கைத் தள்ளிக்கொண்டு பின்பக்கம் வந்தேன்.

"சித்தப்பா, ஹேண்ட்பிரேக் எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது?" என்றாள் கயல்.

"பின் சக்கரத்தை."

"நாம் தூக்கப்போவது?"

இருபத்தாறு ஆண்டாக வண்டி ஓட்டுகிறேன். இது எனக்குத் தோன்றியதே இல்லை. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் ஹேண்ட்பிரேக் காற்றில் தொங்கும் இரண்டு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும். தரையில் இருப்பவை முன் சக்கரங்கள். கியரை 'பி'யில் வைத்தால் என் வண்டியில் முன் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். ஆனாலும் அதை மட்டும் நம்பக்கூடாது என்று, இரண்டு முன் சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்தாள். தரை, மழைநீர் ஓடுவதற்காக வாசலை நோக்கிச் சரிந்திருந்தது. எல்லாச் சரிவுக் கணக்கும் அந்த நான்கு கட்டையில்தான் நின்றது.

வண்டியோடு வரும் கத்தரி ஜாக் டயர் மாற்றுவதற்கு மட்டும். அதை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டக்கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் எதையும் முட்டுக்கொடுக்கவும் கூடாது, அவை எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும். அண்ணனிடம் இருந்த இரண்டு டன் உருளை ஜாக்கால் தூக்கி, மேனுவலில் காட்டியுள்ள இரண்டு இடத்திலும் ஜாக் ஸ்டாண்டு வைத்தோம். ஓட்டுத் தரையில் ஸ்டாண்டின் நான்கு கால்களும் நேராக அழுத்தினால் ஓடு விரிசல் விடும், வழுக்கவும் செய்யும். அடியில் தடித்த ஒட்டுப்பலகை வைத்தோம். அண்ணி ஜன்னல் வழியாகப் பார்த்துத் தலையசைத்தார். வண்டியை இரண்டு கையாலும் பக்கவாட்டில் குலுக்கிப் பார்த்தபிறகுதான் உள்ளே போனோம். கழற்றிய பின்சக்கரம் ஒன்றையும் வண்டிக்கு அடியில் படுக்க வைத்தாள். எல்லாம் தவறினாலும் அது தாங்கும்.

பாதுகாப்புக் கண்ணாடி போட மறக்க வேண்டாம். மல்லாந்து படுத்து மேலே கை வைத்த முதல் நொடியிலேயே முகம் முழுக்கத் துருப்பொடி.

ஒழுங்கு முறை ஒன்று உண்டு. கழற்றும்போது போல்ட்டு முதலில், ரப்பர் கடைசியில். பொருத்தும்போது ரப்பர் முதலில், போல்ட்டு கடைசியில். இரண்டு தடவையும் ஏழெட்டுக் கிலோ எடையை ரப்பர்கள் சுமக்கும், நம் கை வேலை செய்ய மட்டும் இருக்கும். இதை மாற்றிச் செய்தால் ஒரு கையில் சைலன்சரையும் மறு கையில் ஸ்பானரையும் வைத்துக்கொண்டு மூன்றாவது கையைத் தேடிக்கொண்டிருப்போம். நடுக்குழாயின் பின்முனையையும் கம்பியால் மேலே கட்டிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் சைலன்சர் போனதும் அது தொங்கி, முன்பக்கத்து இணைப்புகளை இழுக்கும்.

வலது போல்ட்டு பதினான்கு மில்லிமீட்டர் சாக்கெட்டுக்கு இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. இடதுக்கு ஒன்றரை மணி நேரம்.

முதல் தப்பு என்னுடையது. கையில் கிடைத்த பன்னிரண்டு முனை சாக்கெட்டைப் போட்டு, நீளக் கைப்பிடியில் முழு உடம்பையும் கொடுத்து இழுத்தேன். "டக்" என்றது. கழன்றுவிட்டது என்று சிரித்தேன். போல்ட்டு அசையவே இல்லை. அதன் தலையின் ஆறு மூலைதான் மழுங்கியிருந்தது. பன்னிரண்டு முனை சாக்கெட் மூலையை மட்டும் பிடிக்கும். ஆறு முனை சாக்கெட் பக்கங்களில் உட்காரும். துருப்பிடித்த தலை ஏற்கெனவே மெலிந்திருக்கும், அதற்கு ஆறு முனைதான் சரி. கயல் எதுவும் சொல்லவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, சாக்கெட் பெட்டியில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பதின்மூன்று மில்லிமீட்டர் ஆறு முனை சாக்கெட்டைத் தலைமேல் வைத்துச் சுத்தியலால் அடித்து ஏற்றினாள். பதினான்கு தலையின்மேல் பதின்மூன்று. மழுங்கிய மூலைகளை நசுக்கிக்கொண்டு இறங்கி இறுகப் பிடித்துக்கொண்டது.

நான் இழுக்கப் போனேன். "முதலில் இறுக்குங்கள்" என்றாள். கழற்ற வந்த போல்ட்டை இறுக்குவதா? ஒரு நூலளவு இறுக்கும் பக்கம் அழுத்தினேன். எங்கோ ஆழத்தில் ஒரு சின்னக் கிறீச். துருவின் பிடி விட்ட சத்தம் அது. பிறகு கால் சுற்றுக் கழற்றி, எண்ணெய் விட்டு, அரைக்கால் சுற்று இறுக்கி, மறுபடி கழற்றி என்று முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி எடுத்தோம். ஒரே திசையில் பலவந்தமாக இழுத்திருந்தால் முறிந்து, பாதி நடுக்குழாயின் விளிம்பிலேயே தங்கியிருக்கும். மரை இருப்பது மாற்றாத பக்கத்தில் என்பதால் அது பெரிய தலைவலியாகியிருக்கும்.

வெளியே வந்த போல்ட்டின் மரை நிறைய துரு. விளிம்பின் மரையையும் சீராக்க வேண்டியிருந்தது. இங்கே ஒரு விவரம். இது பத்து மில்லிமீட்டர் போல்ட்டு, மரை இடைவெளி 1.25. ஹார்டுவேர் கடையில் பத்து மில்லிமீட்டர் என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் 1.5 இடைவெளி. முதல் இரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகும். இறுகிவிட்டது என்று நம்பி அழுத்தினால் மரை அழியும். ஜப்பானிய வண்டிக்கு இடைவெளியையும் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். கயலிடம் சரியான மரைவெட்டி இருந்தது. கையாலேயே மெல்ல ஓட்டிச் சுத்தம் செய்தாள்.

தொங்கு ரப்பர் மூன்றும் சோப்புத் தண்ணீருக்கு மசிந்தன. வழுக்குவதற்கு எண்ணெய் தடவுகிறவர்கள் உண்டு. எண்ணெயில் ரப்பர் ஊதி நைந்துபோகும். சோப்பு காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம்.

பழைய சைலன்சர் கீழே இறங்கியபோது மதியம் ஒன்றரை. அண்ணி கொண்டுவந்த தேநீரும் உளுந்து வடையும் ஆறிப்போயிருந்தன. புதியதை ரப்பர்களில் மாட்டி, இணைப்புக்கு வந்தபோதுதான் அடுத்த சிக்கல். கடைக்காரர் கொடுத்த கேஸ்கெட் குழாயின்மேல் கலகலவென்று ஆடியது. கயல் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தாள். வேண்டியது உள்விட்டம் 43 மில்லிமீட்டர், கையில் இருந்தது 48. கடைக்குப் போய் மாற்றிக்கொண்டு வரலாம். ஆனால் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஏப்ரல் மாதத்துப் பிற்பகல். இடி முழங்கத் தொடங்கியிருந்தது. பழைய கேஸ்கெட்டைத் துடைத்துப் பார்த்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"அதைப் போடாதீர்கள்" என்றாள்.

"இன்னொரு வாரத்துக்குத்தானே" என்றேன்.

அந்தக் கேஸ்கெட் என்ன செய்கிறது என்று அப்போது எனக்குச் சரியாகப் புரிந்திருக்கவில்லை. குறுக்கே படுத்திருக்கும் எஞ்சின், வேகத்தைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் முன்னும் பின்னும் அசைகிறது. அதோடு கட்டப்பட்ட புகைக்குழாய் விறைப்பாக இருந்தால் எங்காவது விரியும். அதனால் இந்த இணைப்பைத் தோள்மூட்டு மாதிரி அமைத்திருக்கிறார்கள். கேஸ்கெட்டின் வெளிப்பக்கம் உருண்டை, எதிரே உள்ள விளிம்பு கிண்ணம். போல்ட்டு இவற்றை நேரடியாக நசுக்குவதில்லை. அது ஒரு படி வரை இறங்கி நின்றுவிடும். அழுத்திப் பிடிப்பது சுருள்வில். மூட்டு அசைந்தாலும் வாய் விடாது. ஆண்டுக்கணக்கில் ஒரே கிண்ணத்தில் தேய்ந்து பழகிய கேஸ்கெட் அந்தக் கிண்ணத்தின் வடிவத்துக்கே போயிருக்கும். புதுக் கிண்ணத்தில் அது ஒரு நாளும் ஒட்டாது.

புது போல்ட்டு மரைகளில் செப்புப் பசையைத் தடவி, இரண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மேனுவல் சொன்ன 43 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குவிசை ஸ்பானரால் முடித்தேன். வண்டியை இறக்கிக் கிளப்பினோம். சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பிக் காட்டமாக நாறியது. அண்ணி ஓடி வந்தார். தொழிற்சாலையில் துருப்பிடிக்காமல் தடவியிருந்த எண்ணெய் எரிகிற புகைதான். பத்து நிமிடத்தில் நின்றது. லாரி உறுமல் போயே போய்விட்டது. நான் கயலைப் பெருமையோடு பார்த்தேன். அவள் காதைக் கீழே சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். டிக், டிக், டிக், டிக். கடிகாரம் மாதிரி.

மழை பிடித்துக்கொண்டது. அன்றைக்கு அவ்வளவுதான்.

அந்த வாரம் முழுக்கக் காலையில் கிளப்பும்போதெல்லாம் அந்த டிக்டிக். சூடேறியதும் குறையும், மறுநாள் காலை திரும்பி வரும். உலோகம் சூட்டில் விரிந்து இடைவெளியை மூடுகிறது, ஆறியதும் திறக்கிறது. புதன்கிழமை குனிந்து பார்த்தபோது இணைப்பைச் சுற்றி மை தீட்டியதுபோல் கரி படிந்திருந்தது. கசிவு இருக்கும் இடத்தைக் கரியே வட்டம் போட்டுக் காட்டிவிடும்.

இரண்டாவது சனிக்கிழமை, கட்டை, ஜாக், ஸ்டாண்டு எல்லாம் மறுபடி. இந்தத் தடவை இரண்டு போல்ட்டும் கையாலேயே சுழன்று வந்தன. செப்புப் பசைக்குக் கொடுத்த காசு அங்கேயே திரும்பி வந்துவிட்டது. புது 43 மில்லிமீட்டர் கேஸ்கெட் குழாயில் இறுக்கமாகப் போய் உட்கார்ந்தது. ஓட்டிப் பார்க்கும் முன் கயல் செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் புட்டியில் சோப்புக் கரைசல் கொண்டுவந்தாள். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, இணைப்பைச் சுற்றிலும் தெளித்தாள். கசிவு இருந்தால் குமிழ் கிளம்பும். நுரை அசையாமல் வழிந்து இறங்கியது. ஒரே ஒரு குமிழ் மேலே நின்று, யோசித்து, தானாக உடைந்தது. எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம்.

செலவுக் கணக்கு: சைலன்சர் 165, ரப்பரும் போல்ட்டும் 38, கேஸ்கெட் 12. தவறான கேஸ்கெட்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். எண்ணெயும் பசையும் 27. முதலில் வீணான அடைப்புப் பசை 19, அதையும் சேர்க்காமல் விட்டால் நேர்மை ஆகாது. மொத்தம் 261 வெள்ளி. கயலுக்கு வாங்கிக் கொடுத்த ஆறு முனை சாக்கெட் தொகுப்பு தனி. மே மாதச் சோதனையில் தேர்ச்சி என்ற சீட்டு வந்தது. சோதித்தவர் சைலன்சர் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. முன்பக்கத்துத் தொங்கு ரப்பர் ஒன்றில் மட்டும் மெல்லிய வெடிப்பு தெரிகிறது. எட்டு வெள்ளி, தீபாவளிக்குள் மாற்ற வேண்டும்.

பழைய சைலன்சர் ஒரு வாரம் அண்ணன் வீட்டு வாசலில் சுவரோரம் கிடந்தது. இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் அண்ணி அட்டைகளைப் பத்திரமாகச் சுருட்டி எடுத்து, தரையைத் துடைத்து, ஒரு பொட்டுக் கறைகூட விழவில்லை என்று எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, பழைய சாமான் வாங்கும் காராங்கூனிக்காரரின் ஹார்ன் சத்தம் கேட்டது. கூப்பிட்டேன். அவர் சைலன்சரைத் தூக்கி எடை பார்த்தார், இரண்டு வெள்ளி என்றார். மூன்று என்றேன். உள்ளே ஏதோ ஆடுகிறதே என்று அவர் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கினார். பதின்மூன்று ஆண்டுத் துருவும், காப்பி நிறத்தில் ஒரு குவளைத் தண்ணீரும், துடைத்த ஓட்டின்மேல் கொட்டின.